வடிவாம்பிகையின் பலிக்காத கணக்கு

எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை எந்த நோய் வரும் என்று கணினியில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வதுதான், கோவில்பட்டிப் பக்கம் ஒரு சுகாதார அலுவலகத்தில் வடிவாம்பிகைக்கு வேலை. அவள் சொன்னால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். கொசுகூட வெளியூர் போய்விடும். அதனால் மூன்று வருஷமாக ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "நாப்பது தடவை சொல்லியிருக்கீங்க, ஒண்ணுகூடப் பலிக்கலையேம்மா. இந்த வேலையே வேண்டாம்னு எழுதப்போறேன்."

"வராம இருக்கத்தானே சார் சொல்றேன்!"

"சொல்லாட்டியும் வந்திருக்காது. உங்க பேச்சைக் கேக்காம நோய் வந்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, பாப்போம்."

அந்த நேரம் பார்த்து அவள் கணவன் வீரபாகு உள்ளே நுழைந்தான். இரண்டு கன்னமும் பூசணிக்காய். வீக்கம் வற்றட்டும் என்று கழுத்தில் அவளுடைய தங்கச் சங்கிலி.

"நம்ம தெருவுக்குப் பொன்னுக்கு வீங்கி வருது, வெளிய போகாதீங்கன்னு போன மாசமே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா!"

"சொன்னே. வருதா பாப்போம்னு தெருவில போய் நின்னேன்."

அதிகாரி நாற்காலியோடு சுவர்வரை நகர்ந்து, வேலை தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தன் பேச்சைக் கேட்காத புருஷனுக்கு வடிவாம்பிகை கேசரி கிண்டிக் கொடுத்தது, பதினோரு வருஷக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான்.