காதில் விட்ட எண்ணெய்

“இந்தத் தடவையாவது காதுல எண்ணெய் ஊத்தாம கொண்டு வந்தீங்களா?”

அட்டையை வாங்கும்போதே, எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் உமா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“சத்தியமா ஒரு சொட்டுகூட இல்ல மிஸ்ஸி. போத்தலையே அலமாரி மேல தூக்கி வெச்சிட்டேன்லா,” என்றாள் குமுதா.

ஷர்வின் பிறந்து இருபத்தெட்டு நாள். ஆஸ்பத்திரியில் செய்த முதல் காதுச் சோதனையில் அவன் தேறவில்லை. பிறந்த புதிதில் காதுக்குள் நீர் நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். போன வாரம் இந்த கிளினிக்கில் இரண்டாவது சோதனை. அன்று காலைதான் குமுதா தம்பி மகனைக் காலில் போட்டு, லிட்டில் இந்தியாவில் தேடி வாங்கிய செக்கு எண்ணெயைத் தேய்த்து, காதுக்கு இரண்டு சொட்டு விட்டுக் குளிப்பாட்டியிருந்தாள். மெஷின் எதையுமே எடுக்கவில்லை. மிஸ்ஸி பஞ்சால் துடைத்துக் காட்டியபோது அவளுக்கு மானமே போய்விட்டது.

இன்று மூன்றாவது. இதிலும் தேறாவிட்டால் பெரிய டாக்டருக்கு எழுதிவிடுவார்கள்.

“பால் எப்பக் குடிச்சான்?”

“கிளம்பறப்பதான் மிஸ்ஸி.”

“அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?”

“தையல் ஆறிடுச்சு. தூக்கம்தான் இல்ல.”

எல்லாவற்றுக்கும் குமுதாவே பதில் சொன்னாள். குழந்தையை மடியில் வைத்திருந்த துளசி வாயே திறக்கவில்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் லீவு போட்டு வந்திருந்த தம்பி குகன், மனைவியின் தோளில் கை வைத்தபடி நின்றான்.

“பிள்ளை தூங்கினதும் கூட்டிட்டு வாங்க,” என்று உமா உள்ளே போனாள்.

பக்கத்து நாற்காலியில் பொன்னம்மை. பேரனுக்கு மஞ்சள் காமாலை பார்க்க மகளோடு வந்தவள். மெல்லச் சாய்ந்து குமுதாவிடம் கேட்டாள்.

“நீதான் நாத்தனாரா?”

“ஆமாங்கக்கா.”

“அதானே பார்த்தேன். எண்ணெயும் நீயே ஊத்தற. அவ தையல் ஆறினதையும் நீயே சொல்ற. பெத்தவள ஒரு வார்த்தை பேச விடேம்மா! பாவம், எப்படி உக்காந்திருக்கா பாரு.”

குமுதாவுக்குச் சுருக்கென்றது. சிரித்துச் சமாளித்தாள்.

“நான் கொஞ்சம் வாயாடிதான்க்கா.”

“கொஞ்சமா?”

ஷர்வின் கண் அசந்ததும் மூன்று பேரும் அவனோடு உள்ளே போனார்கள். உமா சின்ன ரப்பர் முனையை அவன் காதில் பொருத்தினாள்.

“மூச்சு சத்தம்கூட வரக்கூடாது.”

குமுதா கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். ‘முருகா, அன்னிக்கு அந்த எண்ணெய் மட்டும்தான் காரணமா இருக்கணும். பழி என் மேலயே இருக்கட்டும்.’

இடது காது முடிந்தது. உமா குழந்தையைப் புரட்டி வலது காதுக்குப் போனாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குமுதாவுக்கு அது ஒரு யுகமாக இருந்தது.

உமா நிமிர்ந்தாள்.

“ரெண்டு காதும் பாஸ்! நல்லாவே கேட்குது. போன வாரம் மெஷின் எடுக்காதது உங்க எண்ணெய் செஞ்ச வேலைதான்.”

“முருகா!” என்று குமுதா போட்ட கூச்சலில் ஷர்வின் திடுக்கிட்டு விழித்து வீறிட்டான். துளசியும் குகனும் அசையாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குமுதா கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, பிறவியிலிருந்தே காது கேளாத தம்பிக்கும், அவனைப் போலவே கேளாத அவன் மனைவிக்கும் இரண்டு கைகளாலும் அந்தச் செய்தியைச் சொன்னாள். துளசியின் கண்கள் நிறைந்தன, அவள் விரல்கள் படபடவென்று பேசின: “அப்ப வீட்டுக்குப் போனதும் அவன்கிட்ட நிறையப் பேசுங்க அண்ணி, எங்களுக்கும் சேர்த்து.”