ஜப்பான் சித்தப்பா

அன்று கூடத்தில் இருந்தவர்கள் கல்யாணராமன், மனைவி ஜானு, மகள் ஸ்ரீலக்ஷ்மி. எதிரே, அசோக் நகரிலிருந்து இரண்டாம் முறையாக வந்திருந்த பிள்ளையின் அப்பா சந்திரமௌலி, பிள்ளை குருபிரசாத். வாசற்படி ஓரம், வாடகைக்குக் கொண்டுவந்த வீடியோ டெக்கைத் தனியே விட்டுப் போக மனமில்லாத ராயப்பேட்டை வலியுல்லா.

சுவரில், சட்டத்துக்குள், மூக்குக்கண்ணாடியோடு சுப்பராமன். கல்யாணராமனின் தம்பி. படத்துக்கு மாலை கிடையாது. ஆள் டோக்கியோவில் சௌக்கியமாக இருக்கிறான்.

இந்தச் சம்பந்தம் பாதி ஸ்ரீலக்ஷ்மிக்காக வந்தது. மீதிப் பாதி, சுவரில் இருந்தவனுக்காக.

எஃகு ஆலையில் தலைமை எஞ்சினியர் என்று மாட வீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் கல்யாணராமன். பொய் இல்லை. ஒரே ஒரு முறை லீவில் வந்த தம்பியிடம் வேலை எப்படி என்று கேட்டபோது, "உள்ளே சூடு தாங்காது அண்ணா" என்றான். சூடு என்றால் உலை. உலை என்றால் எஃகு. இந்தக் குடும்பத்துப் பிள்ளை உலைக்குக் கரியா அள்ளிப் போடுவான்? ஆகவே தலைமை எஞ்சினியர்.

இப்படி ஒரு பதவி உயர்வை எந்த ஆலையும் இவ்வளவு சீக்கிரம் கொடுத்ததில்லை.

குருபிரசாத் ஒரு கேஸட் கொண்டுவந்திருந்தார். பர்மா பஜாரில் தேடிப் பிடித்த பழைய ஜப்பான் படம். வரப்போகிற மனைவியின் சித்தப்பா ஊர் ஆயிற்றே என்று ஆசை. ஜப்பான் படம் என்றால் ரயிலும் தோட்டமும் காட்டுவார்கள் என்று நம்பி, டெக்குக்குச் சொல்லி அனுப்பியவர் கல்யாணராமனேதான்.

கடலிலிருந்து ஒரு பல்லி எழுந்தது.

பத்து மாடி உயரம். கெட்டி ரப்பர். ரயிலும் காட்டினார்கள். பல்லி அதைத் தூக்கி, முருங்கைக்காய் மாதிரி கடித்துத் துப்பியது.

"நீங்க சொன்ன ரயில் வந்துடுத்து பாருங்கோ" என்றாள் ஜானு, கேசரித் தட்டோடு.

ஊர் ஓடியது. தொப்பி, குடை, பெட்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடியது.

சந்திரமௌலி ஸ்பூனைக் கீழே வைத்தார். டி.வி.யைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"ஏன் ஸார், கடைசியா ஓடறாரே, கறுப்பா, கண்ணாடி போட்டுண்டு, உங்க தம்பி ஜாடையா இருக்கே? எஃகு ஆலைன்னேளே. பல்லி அதையும் இடிச்சுடுத்தோ?"

யாரும் கேட்காமலேயே வலியுல்லா ரிவைண்ட் செய்தார். அந்த ஆள் இன்னொரு தரம் ஓடினான். புள்ளி புள்ளியான அந்தப் படத்தில் கண்ணாடி போட்ட எவனும் சுப்பராமன்தான்.

"சினிமாவுல கூலிக்கு ஓடறவாளாத்துல சம்பந்தம்னா, கொஞ்சம் யோசிக்கணும்" என்றார் சந்திரமௌலி.

ஸ்ரீலக்ஷ்மி குருபிரசாத்தைப் பார்த்தாள். குருபிரசாத் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்காத்துல எவனும் பயந்து ஓடினதில்லை." கல்யாணராமனின் முதுகு நாற்காலியில் படவில்லை. எப்போதும் படாது.

அப்போது பல்லி ஒரு கட்டடத்தை மிதித்தது. கூரை பிளந்து, நகக்கண் அளவுப் புத்தகங்கள் சிதறின. இரண்டு அதன் காலில் பட்டன.

பல்லி நின்றது.

குனிந்தது. அத்தனை ரப்பரையும் மடக்கிக் குனிவது சிரமமாகத்தான் இருந்தது. நகத்தால் புத்தகத்தைத் தொட்டு, அந்தக் கையைத் தன் தொண்டையில் ஒற்றிக்கொண்டது. வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. பிறகு தொண்டைக்கு நடுவில், இல்லாத எதையோ மேலே தள்ளிவிட்டது.

நிமிர்ந்து, அடுத்த கட்டடத்தை இடித்தது.

வலியுல்லா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா சார் இது, பல்லிக்குத் தொண்ட அரிச்சிக்கினு கீது!"

கல்யாணராமன் சிரிக்கவில்லை.

காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதவனுக்கு அந்த வீட்டில் அப்பா சோறு போட்டதில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் ஒற்றிக்கொண்ட கையோடு, குனிந்ததில் நழுவிய மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொள்வது ஒருவன் மட்டும்தான். வேலைக்காகக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாலும் கை மறக்கவில்லை.

பல்லிக்குக் கண் எங்கோ உச்சியில் இருந்தது. தொண்டை, அந்த ரப்பருக்குள் நிற்கும் ஒரு மனிதனின் கண் இருக்கும் உயரம்.

உள்ளே சூடு தாங்காதுதான்.

கல்யாணராமன் மாட வீதியில் கட்டிய எஃகு ஆலை அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஓடியவன் வேறு யாரோ என்று சாதித்துவிட்டு, எஞ்சினியரைச் சுவரிலேயே விட்டுவைத்திருக்கலாம். வேறு எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கல்யாணராமன் எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். பல்லியைக் காட்டி, சொல்ல வேண்டியதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதே நிமிர்வோடு உட்கார்ந்தார்.

சந்திரமௌலி இப்போது நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தார். குருபிரசாத் யோசிக்கவில்லை. எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, சுவரில் இருந்த படத்துக்கு நெடுஞ்சாண்கிடையாக நமஸ்காரம் செய்தார்.

கல்யாணம் தை மாதம் நடந்தது.

கல்யாணராமன் வீட்டுச் சுப்பராமன் ஜப்பானில் ஊரோடு சேர்ந்து பயந்து ஓடினான் என்று மாட வீதியில் ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. தவறு. அவன் ஓடவில்லை. ஊர்தான் அவனைக் கண்டு ஓடியது.