அட்டவணையில் முதலிடம்

"எங்கட குடியக் கொண்டுபோய் ஏழாவதா அடிச்சது ஆரு புள்ள?"

வாசலில் நின்று கேட்டவர் நல்லரத்தினம் போடியார், ஐம்பது ஏக்கர் வயற்காரர். வயல் வட்டையில் நின்று ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல், வாவிக்கரையோரத்து அந்தச் சின்னத் தட்டெழுத்துக் கடைக்குள் அடங்குமா?

செசீலியா கையைப் பொறியிலிருந்து எடுத்தாள். "நான் அடிக்கிற ஆள் மட்டுந்தான் போடியார். எழுதினவர் இந்தா இரிக்கார்" என்று பக்கத்துக் கதிரையைக் காட்டிவிட்டாள்.

கதிரையிலிருந்த வினாயகமூர்த்தி மாஸ்டர் எழுந்து கும்பிட்டார். சரித்திரம் படிப்பிக்கிறவர். மூன்று வருடம் ஊர் ஊராக அலைந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். கொழும்பிலுள்ள ஆய்விதழ் அதை இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டது. விஷயத்தில் குறையில்லையாம், அமைப்பில்தான் குறையாம். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், மூன்று பிரதி வேண்டும், அட்டவணை தனித் தாளில் அகர வரிசைப்படி வேண்டும். மூன்றாம் தரமும் பிழைத்தால் இனிப் பார்க்கமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கடைசித் திகதிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் இன்று நாலு மணித் தபாலில் சேர்த்தே ஆக வேண்டும்.

கட்டுரையை மாஸ்டர் பள்ளிக்கூடத்துப் பொறியிலேயே அடித்து உறையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அட்டவணைக்கான அகலத் தாள் நுழையக்கூடிய டைப்ரைட்டர் மட்டும் செசீலியாவிடம்தான் இருந்தது. ஆகவே அவள் கண்டது அந்த ஒரே தாளைத்தான். தாய் வழியாக வரும் ஏழு குடிகளின் பெயர், குடும்பத் தொகை, கோயிலில் யாருக்கு எந்த நாள் திருவிழா. விபரம் சரியா என்று பார்க்க மாஸ்டர் காலையில் அதைக் கோயிலில் காட்டியிருந்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

"அது அகர வரிசை போடியார். எழுத்துப்படி வந்திற்று" என்றார் மாஸ்டர்.

"எழுத்து கிடக்கட்டும். கோயில்ல முதல் மரியாதை, முதல் காளாஞ்சி ஆருக்கு? எங்களுக்கு! இண்டைக்குக் கடதாசியில கடைசி எண்டா, மறுகா திருவிழாவிலயும் கடைசியில நிக்கச் சொல்லுவானுகள். மாத்தாம நான் போகமாட்டன்."

போடியார் வாசற்படியில் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார்.

அவர் வெற்றிலை மடிக்கு முன்னே கோயில் வண்ணக்கர் வந்து சேர்ந்தார். கோயில் நிர்வாகமே அவர் கையில்.

"மாஸ்டர், போடியார்ர குடிய முதலாவதாப் போடப் போறீங்களாமே? கோயில் கதவுத் திறப்பு எங்கட கையில இரிக்கு எண்டத மறந்திராதீங்க."

பிறகு இன்னும் இருவர், தங்கள் தங்கள் குடியை முதலில் போடச் சொல்லி வந்தார்கள். அகர வரிசையில் முதலில் நின்ற குடிக்காரர் மட்டும் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. அவர்களுக்கு அகர வரிசை நிரம்பப் பிடித்துப்போயிற்று.

"வட்டமா அடிச்சா என்ன சேர்? வட்டத்தில முதலும் இல்ல, கடைசியும் இல்ல" என்றாள் செசீலியா.

"வட்டத்திலயும் மேல ஆர் புள்ள?" என்று படியிலிருந்து குரல் வந்தது.

மணி இரண்டரை. மாஸ்டரின் முகம் கறுத்துவிட்டது. "வரிசைய மாத்தினா கொழும்புக்காரன் திருப்பி அனுப்புவான். மாத்தாட்டி இவங்க வெளிய விடமாட்டாங்க. மூண்டு வருசம் தங்கச்சி…" என்று கட்டுரை உறையைத் தடவினார்.

செசீலியாவுக்கு மனம் கேட்கவில்லை. அதே நேரம் சிரிப்பும் வந்தது. நாலு புதுத் தாள் எடுத்து மடமடவென்று அடித்தாள். ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு குடி முதலாவது. அடித்ததை மடித்து உறைக்குள் வைத்து, ஆளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள்.

"இது உங்களுக்கெண்டே அடிச்சது போடியார். பாருங்க, முதலாவது ஆரு? ஆனா ஒண்டு, இதழ் வெளிய வாற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டப்படாது."

"அப்பிடிச் சட்டமா?"

"இடப்பக்கம் ஒண்டரை அங்குலம் விடணும் எண்டு சட்டம் இரிக்கக்குள்ள, இது இரிக்காதா?"

போடியார் உறையை மடியில் செருகிக்கொண்டு, வண்ணக்கரை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தபடி போனார். சற்று நேரத்தில் வண்ணக்கரும் அதே சிரிப்போடு போனார். மற்ற இருவரும் அப்படித்தான். படி காலியாயிற்று.

"இதழ் வந்தாப் பிறகு என்ன செய்யிற?" என்றார் மாஸ்டர்.

"அது வர ஒரு வருசம் ஆகும் எண்டு நீங்கதானே சேர் சொன்ன."

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து முதல் தரம். சிரித்து முடிந்ததும் ஏனோ கதிரையை விட்டு எழும்பாமல் நெளிந்தார்.

"தங்கச்சி, இன்னும் ஒரு தாள் அடிப்பியா? என்ட பொஞ்சாதி கண்ணகைட குடிய முதலாவதா வெச்சி. நான் இரிக்கிறது அவட வீட்டில கண்டியோ. சோறு திங்கணும்."

செசீலியா அதையும் அடித்துக் கொடுத்தாள். இன்று அவள் கையால் கொடுத்த ஐந்தாவது முதலிடம் இது.

நாலு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. அகர வரிசைத் தாள்கள் மூன்றையும் பிரதிகளோடு சேர்த்துக் குத்துவதற்காக மாஸ்டரின் உறையைப் பிரித்து, கட்டுரையின் முதல் பக்கத்தை அப்போதுதான் பார்த்தாள்.

நட்ட நடுவில், தடித்த எழுத்தில், தலைப்பு அழகாக அடிக்கப்பட்டிருந்தது: "மட்டக்களப்பில் குடிப் பெருமை: அடியோடு மறைந்துபோன ஒரு வழக்கம்."