கடலுக்கடியில் நல்ல தண்ணீர்

கடலடியில் மணல் கொதித்துக்கொண்டிருந்தது.

எமிலியானுஸ் கையில் இருந்த சங்கை நழுவ விட்டான். இளவயதிலிருந்தே தலைமன்னார்க் கடலில் சங்கு குளிக்கிறவன் அவன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

ஒரு சாண் அகலக் குழி. அதற்குள்ளிருந்து மணல், உலையில் அரிசி துள்ளுவதுபோலத் துள்ளியது. குழிக்கு மேலே, வெயிலில் தார் ரோட்டின்மேல் காற்று நெளிவதுபோலத் தண்ணீர் நெளிந்தது. குஞ்சு மீன்கள் அதைச் சுற்றி நின்றன.

கையை நீட்டினான். குளிர்ந்தது.

வாயை வைத்தான்.

உப்பில்லை.

மூச்சு முட்டி நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. அப்படியிருந்தும் மேலே வர மனமில்லை.

"என்னண்ணை, சுறாவோ?" படகின் விளிம்பைப் பிடித்தவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டாளி வலன்ரைன் கேட்டான்.

"தண்ணி" என்றான் எமிலியானுஸ்.

வலன்ரைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுற்றிவர அதுதானே இருந்தது.

"நல்ல தண்ணியடா!"

வெறும் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பவும் இறங்கினான். கடல் தண்ணீர் நிரம்பிய போத்தலைக் கவிழ்த்துக் குழிக்கு நேரே பிடித்தான். அடியிலிருந்து எழும்பிய தண்ணீர், போத்தலுக்குள் இருந்த கடல் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தான் இருந்துகொண்டது. மூச்சுக்கு மேலே வருவதும் இறங்குவதுமாக நின்று, கடைசியில் மூடியைத் திருகினான்.

வலன்ரைன் ஒரு மிடறு குடித்தான். பிறகு சிலுவை போட்டுக்கொண்டான்.

"அரசாங்கக் கந்தோரில சொல்லுவம் அண்ணை. பெரிய பம்ப் ஒண்டு பூட்டுவாங்கள்."

எமிலியானுஸ் கரையைப் பார்த்தான். சண்டை முடிந்த பிறகு அவர்களுடைய தீவில் கல்வீடுகள் பெருகின. விடுதிகள் வந்தன. ஆளாளுக்குக் குழாய்க்கிணறு அடித்து மோட்டர் பூட்டினார்கள். நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்துப்போயின. அவனுடைய வீட்டுக் கிணற்றில் இப்போது சவர்க்காரம்கூட நுரைப்பதில்லை. அவனுடைய மனுசி கிறேஸ், வெறும் பிளாஸ்டிக் கான்களை அடுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காக ரோட்டோரத்தில் நிற்கிறாள்.

"பூட்டுவாங்கள். பிறகு இதுவும் உவராப் போயிடும். ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதை."

கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் இருவரும் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்தவர்கள் போல இருந்தார்கள்.

வீட்டுக் குசினியில் கிறேஸ் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எமிலியானுஸ் போத்தலைத் திறந்து ஒரு கிளாசில் ஊற்றினான்.

"குடிச்சுப் பார்."

கையைத் துடைத்துவிட்டுக் குடித்தாள். அவளுடைய கண்கள் விரிந்தன.

"எங்கடை ஊர், உயிலங்குளத்துத் தண்ணி மாதிரி இருக்கு. எங்காலை எடுத்தனீங்கள்?"

"கடலுக்கடியில!"

அவனால் இருக்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே சொன்னான். தீவுக்கு அக்கரையில், அவளுடைய ஊர் வயல்களில் பெய்கிற மழைதான் மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கடியால் நடந்து, கடலையும் தாண்டிப் போய் அங்கே எழும்புகிறதோ என்னவோ என்றான். இவ்வளவு உப்புக்குள் அது தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது என்று யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது என்றான். கிறேஸும் சின்னப் பிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எவடத்தில?"

"இந்தியாப் பக்கம் போற வழியில, நடுக்கடலில வெறும் மணல் தீடையள் கிடக்கெல்லே. அதில ஒண்டில துருப்பிடிச்ச இரும்புத் தூண் நிக்கும். அதிலயிருந்து கூப்பிடு தூரம்தான். ஆழமும் இல்லை."

கிறேஸ் கிளாசை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எப்ப தொடக்கம் அதில தண்ணி வருது?"

"ஆருக்குத் தெரியும்? எங்கடை பூட்டன் காலத்துக்கு முந்தியே வந்திருக்கும்."

"அப்ப, தொண்ணூறாம் ஆண்டும் வந்திருக்கும், என்ன?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

சண்டைக்குள் அவளுடைய குடும்பம் படகேறி இந்தியாவுக்குப் போனது அவனுக்குத் தெரியும். அந்தப் பயணத்தில் அவளுடைய தம்பி செத்துப்போனதும் தெரியும். எங்கே, எப்படி என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

"இதுதான் இராமேஸ்வரம் எண்டு சொல்லி, அந்த இரும்புத் தூணடியிலதான் படகுக்காரன் எங்களை இறக்கிவிட்டிட்டுப் போனவன்" என்றாள் கிறேஸ். "தம்பி தண்ணி தண்ணி எண்டு கேட்டு அழுதுகொண்டே இருந்தவன்."

கிளாசில் மிச்சம் இருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"பிறகு அவன் கேக்கேல்லை."