டிபன் பாக்ஸில் முத்திரை

நகராட்சியின் வட்ட முத்திரை பதினோரு நாளாக மரகதவல்லியின் டிபன் பாக்ஸில்தான் குடியிருந்தது. குடிநீர்த் தொட்டி கட்டுவதற்காக ஊர் வரியாகக் கொடுத்த பணத்தை, வட்டி கூடுதல் என்று கடல் கடந்த ஏதோ ஒரு வங்கியில் போடத் தலைவர் முடிவெடுத்திருந்தார். அந்தப் பணத்தை அனுப்பும் படிவத்தில் மட்டும் தலைமை எழுத்தரான அவள் முத்திரை குத்த மறுத்துவிட்டாள். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களில் வழக்கம்போலக் குத்துவாள்; குத்தியதும் துடைத்து, தயிர்சாதத்துக்குப் பக்கத்துத் தடுப்பில் வைத்து மூடிவிடுவாள். கொதித்துப்போன தலைவர், அவளைப் பணியிலிருந்து நீக்கிவைக்கும் உத்தரவை அடித்துக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் முத்திரை இல்லாமல் செல்லாது என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

பன்னிரண்டாம் நாள் காலை அந்த வங்கி திவாலாகிக் கதவடைத்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்னது. பக்கத்து ஊர் நகராட்சி போட்டிருந்த பணம் மொத்தமும் உள்ளே மாட்டிக்கொண்டது. மதியம் தலைவர் அவள் மேஜை முன்னால் வந்து நின்றார். அலுவலகமே எழுந்து எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தலைவரே தெரியும்? அந்த பேங்க் வாசப்படிய நம்மூர்ல ஒருத்தரும் மிதிச்சதில்லயேன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

கடைசி வாய்ச் சோற்றை நிதானமாகத் தின்று முடித்தாள். முத்திரையின் பிடியில் ஒட்டியிருந்த பருக்கையைத் தட்டிவிட்டாள். தொட்டி கட்டும் ஒப்பந்தத்தையும் தன்னை நீக்கும் உத்தரவையும் அருகருகே விரித்து, முத்திரையை அவர் கையில் கொடுத்தாள்.

"குத்துங்க தலைவரே. எதுல வேணாலும்."