வாசல் அதிர்மேடை

நேற்றைவிட எடை குறைந்தால்தான் கதவு திறக்கும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாசலின் உட்புறம் பதித்த, உடம்பைக் குலுக்கி எடை பார்க்கும் அதிர்மேடையில், பூங்கோதை காலையிலிருந்து பல் கிடுகிடுக்க நின்றாள். எடை இறங்கவேயில்லை. நிறுவனத்துக்கே போன் போட்டாள்.

“அதிர்வு மட்டும் பத்தாது மேடம். தினமும் வெளியில நடக்கணும்,” என்றது ஒரு பெண்குரல்.

“நடக்கத்தாம்மா கதவைத் திறக்கச் சொல்றேன்!”

“எடை குறைஞ்சா தானாத் திறந்துடும் மேடம்.”

வளையல், கம்மல், தாலிக்கொடி எல்லாம் முன்பே கழற்றியாயிற்று. கத்தரிக்கோலை எடுத்து, இடுப்புவரை தொங்கிய பின்னலை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஏறி நின்றாள். கதவு திறந்தது.

லிஃப்ட் அருகே எதிர்வீட்டு ஹேமலதா, அப்போதுதான் மழித்த தலையோடு நின்றிருந்தாள். பூங்கோதையின் கழுத்தளவு முடியையே பார்த்தாள்.

“குடுத்து வச்சவங்கக்கா நீங்க. நாளைக்கு வெட்ட இன்னும் மிச்சம் இருக்கு.”