டி வரிசை, நாலாம் கட்டம்

கார்ட் போய்விட்டது.

விடியற்காலை கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் பொலிஸ் வீடு வீடாகச் சோதனை. ஸ்ரீஸ்கந்தராசாவின் பேர்ஸுக்குள் ஒரு கார்ட். கட்டம் கட்டமாக இலக்கங்கள்.

"மே மொகக்த?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார் பொலிஸ்காரர். ரகசியக் குறி என்று நினைத்துவிட்டார்.

கந்தோர் கம்ப்யூட்டருக்குள் போகிற கார்ட், ஒவ்வொரு முறையும் வேறு மூன்று கட்டத்தைக் கேட்கும் என்று ஸ்ரீஸ்கந்தராசா தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். யுத்த காலத்தில் எடுபடுகிற விளக்கமா அது? கார்டைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மத்தியானம் பன்னிரண்டுக்கு யாழ்ப்பாணக் கப்பல். ஆஸ்பத்திரிக்கான இன்சுலின் பெட்டிகள் துறைமுகத்தில் நிற்கின்றன. இவர் கம்ப்யூட்டரில் அனுமதி போட்டால்தான் ஏற்றுவார்கள். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை பூட்டு. அடுத்த கப்பல் எப்போதென்று யாருக்கும் தெரியாது.

மனேஜர் றேமண்ட் போனில் கத்தினார். புதுக் கார்ட் வர ஒரு கிழமையாகுமாம்.

"பாடமாக்கி வச்சிருக்கிறன் சேர்."

பொய்யில்லை. இரண்டு மாதமாகக் காலையில் அந்த இலக்கங்களைத் தேவாரம் மாதிரி ராகம் போட்டுப் பாடி வருகிறார். முதலில் கார்ட்டைப் பார்த்து. பிறகு பாராமல். பாராமல் பாடத் தொடங்கியதிலிருந்து பக்கத்து வீட்டு மேபல் அன்ரி சுவரில் இடிக்கத் தொடங்கினா.

"அவதான் காட்டிக் குடுத்திருப்பா, உங்கட பாட்டுத் தாங்கேலாமல்," என்றாள் மனைவி சிவமணி. மேபலின் வீட்டையும் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். அதைச் சிவமணி யோசிக்கவில்லை.

சோதனையால் றோட்டு மூடிக் கிடந்தது; கந்தோருக்குப் போக வழியில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். மணி பதினொன்றரை.

கந்தோர் கம்ப்யூட்டர் பி இரண்டு, ஈ ஒன்று, டி நாலு கட்டங்களைக் கேட்டது. முதல் இரண்டும் வந்துவிட்டன. டி நாலு? எழுபத்திநாலா, நாற்பத்தேழா? பிழையாக அடித்தால் பூட்டிக்கொள்ளும்.

கண்ணை மூடி டி வரிசையை உரத்துப் பாடினார். ஒன்று, இரண்டு, மூன்று சரளமாகப் போனது.

"டி நாலு, எழுபத்திநாலு..."

டொக்.

"பாருங்கோ, பொலிசைக் கூப்பிட்டும் ஆத்திரம் அடங்கேல்லை."

"பேசாமல் இரும். முதல் மூண்டுக்கும் ஏன் இடிக்கேல்லை?"

திரும்பப் பாடினார். டி நாலு, நாற்பத்தேழு. சுவர் பேசவில்லை.

வேண்டுமென்றே எழுபத்திநாலு என்றார்.

டொக், டொக்.

நாற்பத்தேழு அடித்தார். திறந்தது. அனுமதி போனது. துறைமுகத்திலிருந்து பெட்டிகள் ஏறுகின்றன என்று றேமண்ட் போன் எடுத்தபோது கப்பல் வெளிக்கிட ஐந்து நிமிடம் மிச்சம்.

"சிவமணி, தேத்தண்ணி போடும்."

"உங்களுக்கோ?"

"எனக்கில்லை. நான் கார்ட் பாத்துப் பாடினதைக் கேட்டுப் பாடமாக்கி, பிறகு பிழை விட்ட இடத்திலை மட்டும் இடிச்சவவுக்கு. மேபல் அன்ரிக்கு."